நிக்கோடிமஸ்: புல்வெளியில் எழுந்த ஒரு புது ஊர்



ஓர் ஊர் எப்படி உண்டாகிறது? நாலு வீடு கட்டினால் ஊராகிவிடுமா? தெருவும் கடையும் வந்தால் ஊராகிவிடுமா? பிறந்த மண்ணை விட்டு வேறு நாடுகளில் வந்து குடியேறிய எமக்கு இது புத்தகத்தில் மட்டும் வரும் கேள்வி அன்று. ஆயினும் சொந்தக் கதையைப் பேசும்போது பெருமையும் கவலையும் கலந்துவிடுவதால், அதைத் தெளிவாகப் பார்ப்பது கடினம். ஆகவே இப்பாடத்தில் வேறொரு மக்களின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், 1877ஆம் ஆண்டில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அமைத்த நிக்கோடிமஸ் என்னும் சிற்றூரின் வரலாறே அது. பெரியோர் வாசித்துப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறத்தக்கதாகச் சிறு தலைப்புகளாகப் பிரித்துத் தந்துள்ளோம். இறுதியில் வீட்டிலே கலந்து பேசச் சில வினாக்களும் உள்ளன.

ஏன் புறப்பட்டார்கள்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிவடைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து, நாடு முழுவதிலும் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்ற மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. முன்பு அடிமையாக உழைத்த அதே தோட்டங்களிலேயே குத்தகைக்கும் வாரத்துக்கும் உழைக்க வேண்டியதாயிற்று. விளைச்சலிற் பெரும்பகுதி நிலக்காரருக்கும் கடன் கொடுத்த கடைக்காரருக்கும் போய்விட்டது. தென் மாநிலங்களில் அவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பாக இருந்த மத்திய அரசின் படையினரும் 1877இல் விலக்கப்பட்டனர். வாக்களிக்கச் சென்றவர்கள் தாக்கப்பட்டார்கள். முகமூடி அணிந்த கூட்டத்தார் இரவில் வந்து அச்சுறுத்தினார்கள்.

இந்நிலையில், தமக்கென்று ஒரு துண்டு நிலமாவது வேண்டும் என்ற எண்ணம் அம்மக்களிடையே வேரூன்றியது. கன்சாஸ் மாநிலம் 1861இல் அடிமை முறையற்ற மாநிலமாக அமெரிக்க ஒன்றியத்தில் இணைந்தது. அடிமை முறை அங்கே பரவாதிருக்க 1850களில் இரத்தம் சிந்திப் போராடியவர்கள் இருந்தார்கள். ஆகவே கன்சாஸ் என்ற பெயரே அவர்களுக்கு நம்பிக்கை தரும் சொல்லாக இருந்தது.

காணிச் சட்டமும் விளம்பரத் தாளும்

1862இல் இயற்றப்பட்ட குடியேற்றக் காணிச் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர் ஒருவர் 160 ஏக்கர் அரச காணியைக் கேட்டுப் பதியலாம். யாழ்ப்பாணக் கணக்கில் ஏக்கருக்கு 16 பரப்பு என்று கொண்டால் இது 2,560 பரப்பு. பதிவுக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 18 டொலர். ஐந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, வீடு கட்டி, பயிர் செய்து காட்டினால் காணி சொந்தமாகும். நிலம் பெறுவது எளிது. ஐந்து ஆண்டு தாக்குப்பிடிப்பதுதான் கடினம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

1877 ஏப்ரலில் நிக்கோடிமஸ் நகரக் கம்பனி அமைக்கப்பட்டது. அதில் ஆறு கறுப்பினத்தவரும் ஒரு வெள்ளையரும் இருந்தனர். மதபோதகர் டபிள்யூ. எச். ஸ்மித் தலைவர். காணி வியாபாரத்தில் ஈடுபட்டிருந்த டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையர் பொருளாளர். சைமன் ரவுண்ட்றீ என்ற மதபோதகரும் முன்னணியில் நின்றார். அவர்கள் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்ரன், ஜோர்ஜ்ரவுன் பகுதிகளில் உள்ள தேவாலயங்களுக்குச் சென்று பேசினார்கள்; விளம்பரத் தாள்களை அச்சிட்டுப் பரப்பினார்கள். வளமான மண், நல்ல நீர், நல்ல காலநிலை என்று வாக்களிக்கப்பட்டது.

ஊரின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. விவிலியத்தில் வரும் நிக்கோடிமஸின் பெயர் என்பார்கள் சிலர். ஆபிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்கிய ஒருவரின் பெயர் என்பார்கள் வேறு சிலர்.

நிலத்துக்குள் இருந்து வந்த புகை

1877 செப்டெம்பரில் ஏறக்குறைய முந்நூறு பேர் கென்டக்கியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். புகையிரதம் எலிஸ் என்ற இடம் வரைதான். அங்கிருந்து நிக்கோடிமஸ் வடக்கே சுமார் 50 கிலோமீற்றர் தொலைவு. பாதை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் நடந்தும் வண்டியிலுமாகப் போனார்கள்.

அடுத்த ஆண்டு இளவேனிற் காலத்தில் வந்த குழுவில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணியும் அவருடைய கணவரான மதபோதகர் டானியல் ஹிக்மனும் இருந்தனர். எலிஸில் தங்கியிருந்தபோது குழுவிலிருந்த பிள்ளைகளிடையே சின்னமுத்து பரவிச் சிலர் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாட்கள் பயணம் செய்தார்கள். அதோ நிக்கோடிமஸ் என்று ஆண்கள் கைகாட்டியபோது ஹிக்மன் அம்மையாருக்கு ஊர் ஒன்றும் தெரியவில்லை. நிலத்துக்குள் இருந்து புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. மக்கள் அங்கே நிலத்தைக் குடைந்து வாழ்கிறார்கள் என்று அறிந்ததும் தாம் அழத் தொடங்கிவிட்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

ஏன் நிலத்தைக் குடைந்தார்கள்? அப்பகுதி மரமற்ற புல்வெளி. ஆற்றங்கரையில் மட்டுமே சில மரங்கள். பலகை வாங்குவதென்றால் புகையிரதத்தில் வருவித்து, பின்னர் வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்குக் கையிற் காசில்லை. ஆகவே மேட்டுச் சரிவில் ஓர் அறையளவு குழி தோண்டி, முன்பக்கத்தை மண்கட்டிகளால் அடைத்து, மேலே கம்புகளும் புதரும் பரப்பி மண்ணால் மூடினார்கள். இந்த மண்கட்டி சாதாரண மண் அன்று. புல்வெளிப் புல்லின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், கலப்பையால் நீள நீளமாக வெட்டியெடுத்துச் செங்கல் போல அடுக்கலாம். இத்தகைய வீடு வெயிற்காலத்தில் குளிர்ச்சியாகவும் பனிக்காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஆனால் மழை பெய்தால் கூரை ஒழுகும், மண் உதிரும், பாம்பும் பூச்சியும் வரும்.

விளம்பரத் தாளை நம்பி வந்தவர்களுக்குக் கோபம் வந்தது. பல குடும்பங்கள் திரும்பிப் போயின. மற்றவர்கள் தங்கினார்கள். தங்கியவர்கள் எல்லோரும் துணிச்சல்காரர் என்றும் திரும்பியவர்கள் கோழைகள் என்றும் கொள்ளலாகாது. திரும்பிப் போவதற்கும் பணம் வேண்டும். அது இல்லாமல் தங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

முதற் பனிக்காலம்

செப்டெம்பரில் வந்தவர்களால் அவ்வாண்டு எதையும் விதைக்க முடியவில்லை. கலப்பையும் குதிரையும் உடையவர்கள் மிகச் சிலரே. மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தியவர்கள் பலர். அந்த இலையுதிர் காலத்திலேயே எம்மா வில்லியம்ஸ் என்பவருக்கு ஆண்குழந்தை பிறந்தது. ஹென்றி என்று பெயரிட்டார்கள். நிக்கோடிமஸில் பிறந்த முதற் பிள்ளை அதுவே.

எரிப்பதற்கு விறகில்லை. சூரியகாந்தித் தண்டுகளையும், பைசன் என்னும் காட்டெருமையின் காய்ந்த சாணத்தையும் எரித்தார்கள். வறட்டி தட்டி அடுப்பெரித்த எம் பாட்டிமாருக்கு இது வியப்பாக இருந்திராது.

உணவு தீர்ந்து வந்த வேளையில் அவர்களுக்கு உதவியவர்கள் யார் என்பதுதான் இப்பாடத்தில் நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம். வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் என்னும் செவ்விந்தியக் குலத்தார் தம்மிடமிருந்த உணவிற் பங்கு கொடுத்துச் சென்றார்கள். ஓசேஜ் மக்கள் நெடுங்காலம் கன்சாஸ் நிலத்தில் வாழ்ந்தவர்கள். 1870களின் தொடக்கத்தில்தான் அவர்கள் அங்கிருந்து தெற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். குடியேறிகளுக்கு நிலம் திறந்துவிடுவதற்காகவே அவர்கள் அகற்றப்பட்டார்கள். தம் நிலத்தை இழந்தவர்கள், நிலம் தேடி வந்தவர்களுக்கு உணவு கொடுத்தார்கள்.

காணிச் சட்டம் அந்த நிலத்தை வெறும் அரச காணி என்றே கொண்டது. உண்மையில் அது வெறுமையாக இருந்த நிலம் அன்று, வெறுமையாக்கப்பட்ட நிலம். நிக்கோடிமஸ் மக்கள் அந்த அநீதியைச் செய்தவர்கள் அல்லர்; தாமே பெரும் அநீதிக்கு ஆளானவர்கள். ஆயினும் அவர்களுடைய புதுவாழ்வு இன்னொருவரின் இழப்பின் மேல் அமைந்தது. இவை இரண்டும் ஒருங்கே உண்மை. எமது பிள்ளைகள் கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் வரலாற்றைப் படிக்கும்போதும் இதை மறவாதிருத்தல் நன்று.

எழுத்தும் வழிபாடும் தபாலும்

வந்த சில மாதங்களில் அம்மக்கள் அமைத்துக்கொண்டவை யாவை என்று பார்த்தால் அவர்களின் மனம் விளங்கும். முதலில் பாடசாலை. ஜென்னி ஃபிளெச்சர் என்ற பெண்மணியே முதல் ஆசிரியை. நகரக் கம்பனித் தலைவர் ஸ்மித்தின் மகள் அவர். கட்டடம் இல்லை, நிலக்குழி வீட்டிலேயே வகுப்பு நடந்தது. பின்னர் கிரஹாம் மாவட்டத்தின் பாடசாலை வட்டங்கள் இலக்கமிடப்பட்டபோது, நிக்கோடிமஸுக்குக் கிடைத்தது இலக்கம் 1.

தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது போருக்கு முன்னர் சட்டப்படி குற்றமாக இருந்தது. மேலே குறிப்பிட்ட ரவுண்ட்றீ போதகர் எழுதப் படிக்கக் கற்றதற்குத் தண்டனையாக அவருடைய முகத்திலே சூடு வைக்கப்பட்டது என்று கூறப்படுகிறது. அப்படிப்பட்ட மக்கள் கூரையொழுகும் குழிக்குள் பிள்ளைகளை இருத்தி எழுத்துக் கற்பித்ததன் பொருள் எவருக்கும் சொல்லாமலே விளங்கும்.

அடுத்தது வழிபாடு. மெதடிஸ்த பிரிவினரும் பப்டிஸ்ட் பிரிவினரும் தனித்தனியே சபைகள் அமைத்தார்கள். முதலில் நிலக்குழி வீட்டிலும் மண்கட்டி வீட்டிலும் கூடினார்கள். பின்னரே சுண்ணாம்புக் கல்லாற் கட்டினார்கள். வாடகை மண்டபத்தில் படங்களை வைத்துப் பூசை தொடங்கிய எமது சங்கங்கள் பலவற்றுக்கும் இது தெரிந்த கதையே.

மூன்றாவது தபாற் கந்தோர். ஜென்னியின் கணவர் சக்கரி ஃபிளெச்சர் முதல் தபாலதிபரானார். அவரே ஊரில் தங்குவிடுதி ஒன்றையும் நடத்தினார். தபாற் கந்தோர் இருந்தால்தான் ஓர் இடத்தின் பெயர் அரசின் பதிவேட்டில் ஏறும். தெற்கே விட்டுவந்த தாய் தந்தையரின் கடிதமும் வந்து சேரும்.

உழவும் உத்தியோகமும்

கன்சாஸின் மேற்குப் பகுதியில் மழை குறைவு. கிரஹாம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 20 அங்குலமே பெய்யும். அதுவும் ஒழுங்காகப் பெய்யாது. கென்டக்கியில் சோளமும் புகையிலையும் பயிரிட்டுப் பழகியவர்கள் இங்கே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் வறட்சி, சில ஆண்டுகள் வெட்டுக்கிளி, சில ஆண்டுகள் பனிப்புயல். ஆண்கள் பலர் புகையிரதப் பாதை போடும் வேலைக்கும் கிழக்கே உள்ள பண்ணைகளுக்கும் போய்க் கூலி உழைத்துக் காசு கொண்டுவந்தார்கள். அம்மாதங்களில் காணியையும் பிள்ளைகளையும் காத்தவர்கள் பெண்கள். மெல்ல மெல்லக் கோதுமையும் சோளமும் விளைந்தன. ஐந்தாண்டுத் தவணையை நிறைவேற்றியவர்கள் காணி உறுதியைக் கையிற் பெற்றார்கள்.

அரசியலிலும் அவர்கள் பின்னிற்கவில்லை. எட்வர்ட் மக்கேப் என்ற இளைஞர் 1878இல் அங்கு வந்தார். 1880இல் கிரஹாம் மாவட்டம் முறைப்படி அமைக்கப்பட்டபோது ஆளுநர் அவரை மாவட்டத்தின் தற்காலிக எழுத்தராக நியமித்தார். 1882இல் அவர் கன்சாஸ் மாநிலத்தின் கணக்காய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1884இல் மீண்டும் வென்றார். வாக்குச் சாவடிக்குப் போனால் அடி விழும் என்ற நிலையிலிருந்து புறப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் நடுவிலிருந்து, ஐந்தே ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்த ஓர் அதிகாரி வந்தார்.

1880களின் நடுப்பகுதியில் நிக்கோடிமஸ் செழித்தது. கடைகள், தங்குவிடுதிகள், வங்கி, இலக்கியச் சங்கம், பேஸ்போல் குழு எல்லாம் இருந்தன. 1886இல் ஒரு பத்திரிகையும் 1887இல் இன்னொன்றும் தொடங்கப்பட்டன. நிலக்குழி வீடுகளின் இடத்தில் கல்வீடுகளும் பலகை வீடுகளும் எழுந்தன. அயலிலே வெள்ளையர் சிலரும் வந்து கடை வைத்தார்கள்.

வராத புகையிரதம்

அக்காலத்தில் புல்வெளி ஊர் ஒன்றின் தலைவிதியைத் தீர்மானித்தது புகையிரதம். காரணம் எளிது. கோதுமை பாரமான பொருள். அதைக் குதிரை வண்டியில் ஏற்றித் தொலைவிலுள்ள நிலையத்துக்குக் கொண்டுபோனால், போக்குவரத்துச் செலவே விலையிற் பெரும்பங்கை விழுங்கிவிடும். பலகை, நிலக்கரி, கலப்பை, துணி எல்லாம் அதே வழியாகத்தான் வரவேண்டும். நிலையம் இருக்கும் இடத்தில் களஞ்சியம் வரும். களஞ்சியம் இருக்கும் இடத்துக்கு விவசாயி வருவான். விவசாயி வரும் இடத்துக்குக் கடை வரும்.

இதை நிக்கோடிமஸ் மக்கள் நன்கு அறிந்திருந்தார்கள். மிசூரி பசிபிக் கம்பனியைத் தம் ஊர்ப்பக்கம் வரவழைப்பதற்காக 1887இல் 16,000 டொலர் பெறுமதியான கடன்பத்திரங்களுக்கு வாக்களித்தார்கள். அதாவது, பாதை வந்தால் அத்தொகையைத் தம் வரிப்பணத்திலிருந்து தீர்ப்போம் என்று ஏற்றுக்கொண்டார்கள். பத்தாண்டுகளுக்கு முன் மண்வெட்டியோடு நின்றவர்களுக்கு அது மிகப் பெரிய தொகை.

புகையிரதம் வரவில்லை. மிசூரி பசிபிக் அந்தப் பக்கம் பாதை போடவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் கம்பனி பாதை போட்டது. ஆனால் சொலமன் ஆற்றின் தென்கரை வழியாக. நிக்கோடிமஸ் வடகரையில் இருந்தது. தென்கரையில், சில மைல் தொலைவில், பாதை போட்ட தொழிலாளரின் முகாம் இருந்த இடத்தில் போக் என்ற புது ஊர் முளைத்தது. வணிகர்கள் கடைகளை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். சிலர் கட்டடங்களையே பெயர்த்துச் சென்றார்கள். பத்திரிகைகள் நின்றன. மாவட்டத் தலைநகரம் என்ற பெருமையும் வேறோர் ஊருக்குப் போயிற்று. கென்டக்கிக்குப் போய் ஆட்களைத் திரட்டிய ஹில் தம் பெயரால் அமைத்த ஹில் சிற்றி என்ற ஊரே அது.

இதில் நிக்கோடிமஸ் மக்களின் தவறு என்று ஒன்றைக் காட்ட முடியாது. உழைத்தார்கள், சேமித்தார்கள், ஒற்றுமையாக வாக்களித்தார்கள். ஆயினும் தூரத்தில் ஓர் அலுவலகத்தில் வரைபடத்தில் இழுக்கப்பட்ட ஒரு கோடு அவர்களின் ஊரை விட்டு விலகிப் போயிற்று. உழைத்தால் எல்லாம் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். உழைப்பு தேவை, ஆனால் உழைப்பு மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஓகஸ்ட் முதலாந் திகதி

கடைகள் போனபின்பும் விவசாயக் குடும்பங்கள் காணியை விட்டுப் போகவில்லை. தேவாலயங்களும் பாடசாலையும் நின்றன. 1918இல் புதிய பாடசாலைக் கட்டடமும் எழுந்தது. ஆனால் 1930களின் கடும் வறட்சியும் புழுதிப் புயல்களும் பல குடும்பங்களை நகரங்களுக்குத் துரத்தின. இயந்திரங்கள் வந்தபின் பத்துப் பேர் உழுத நிலத்தை ஒருவர் உழலாம் என்றாயிற்று. பிள்ளைகள் குறையப் பாடசாலை மூடப்பட்டது. தபாற் கந்தோர் 1953இல் மூடப்பட்டது.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. குடியேறிய தொடக்க ஆண்டுகளிலேயே அம்மக்கள் ஆண்டுதோறும் ஓகஸ்ட் முதலாந் திகதியை ஒட்டி ஒரு விழா எடுக்கத் தொடங்கினார்கள். 1834ஆம் ஆண்டு அத்திகதியில்தான் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறையை நீக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தம் நாட்டில் அன்று அடிமை முறை நீங்கவில்லையாயினும், தம்மைப் போன்ற மக்கள் விடுதலையடைந்த நாளைத் தம் நாளாக அவர்கள் கொண்டாடினார்கள். மரத்தோப்பிலே கூடிச் சமைத்து உண்டார்கள். பேச்சு, பாட்டு, விளையாட்டு எல்லாம் நடந்தன.

இந்தத் திகதி தமிழரின் வரலாற்றோடும் தொடர்புடையது. அடிமை முறை நீங்கியதும் கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு கூலியாட்களைத் தேடினார்கள். ஒப்பந்தக் கூலி முறை அப்படித்தான் வளர்ந்தது. மொரீசியஸுக்கும் பிற தீவுகளுக்கும் இந்தியர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களிலே தமிழரும் இருந்தார்கள். 1860 நவம்பர் 16ஆம் திகதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒரு மக்களின் விடுதலை நாள், இன்னொரு மக்களின் நெடும் பயணத்துக்கும் தொடக்கமாயிற்று. அந்தத் தீவுகளிலும் நேற்றாலிலும் எழுந்த பழைய முருகன், மாரியம்மன் கோயில்கள் அப்படிச் சென்றவர்கள் எழுப்பியவையே.

இன்று நிக்கோடிமஸ் விழா ஜூலை மாதக் கடைசி வாரவிறுதியில் ஊர்திரும்பும் விழா என்ற பெயரில் நடைபெறுகிறது. அமெரிக்காவின் பல பாகங்களிலிருந்தும் முதற் குடிகளின் சந்ததியார் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே பிறவாத பிள்ளைகளும் அதைத் தம் ஊர் என்றே சொல்கிறார்கள். 1932இல் அங்கே பிறந்து, அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் நாடறிந்த வீரராகவும் பின்னர் பல்கலைக்கழக அலுவலராகவும் விளங்கிய வெரில் சுவிற்சர் தம் முன்னோர் நிலத்தை விட்டுவிடாமல் பேணினார்.

ஊரின் வரலாற்றைக் காக்கச் சந்ததியார் ஒரு வரலாற்றுச் சங்கம் அமைத்து உழைத்தார்கள். 1996 நவம்பரில் அமெரிக்க அரசு நிக்கோடிமஸைத் தேசிய வரலாற்றுத் தலமாக ஏற்றுக்கொண்டது. இரண்டு தேவாலயங்கள், பாடசாலை, ஃபிளெச்சர் தம்பதியரின் தங்குவிடுதி, 1939இல் முடிவுற்ற ஊர் மண்டபம் ஆகிய ஐந்து கட்டடங்கள் அதில் அடங்கும். அவற்றில் வங்கியும் இல்லை, கடையும் இல்லை. கற்ற இடம், வணங்கிய இடம், வந்தவர் தங்கிய இடம், கூடிப் பேசிய இடம் ஆகியவையே எஞ்சியுள்ளன.

நாம் அறிந்துகொள்வது

இவ்வரலாற்றை இனிப்பாக முடித்துவிடலாகாது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நிக்கோடிமஸில் வாழ்ந்தவர்கள் 14 பேர் மட்டுமே. ஆண்டுக்கொரு விழா ஓர் ஊரைக் காக்கும் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. விழா முடிந்த திங்கட்கிழமை அந்தத் தெருக்கள் மீண்டும் வெறுமையாகின்றன. பாடசாலையில் பிள்ளைகள் இல்லை, வேலை இல்லை, கடை இல்லை. நினைவைக் காப்பது வேறு, வாழ்வைக் காப்பது வேறு.

ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புகையிரதம் சென்ற கரையில் இருந்த ஊர்களும் பின்னாளிற் சுருங்கின. அமெரிக்கப் புல்வெளியில் பெயரே அழிந்துபோன குடியேற்ற ஊர்கள் எண்ணற்றவை. அங்கே பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊர் எங்கே இருந்தது என்றும் தெரியாது. நிக்கோடிமஸின் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிவதோடு நிற்கவில்லை, வருகிறார்கள். காரணம், முதல் வந்தவர்கள் வியாபாரத்துக்காக மட்டும் கூடியவர்கள் அல்லர். பசித்த பனிக்காலத்திலேயே பிள்ளைகளுக்கு எழுத்தும், பெரியோருக்கு வழிபாடும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு விழா நாளும் வைத்துக்கொண்டார்கள். வெளியார் தந்தவற்றை வெளியார் எடுத்துக்கொண்டு போனார்கள். தாமாகச் செய்துகொண்டவை நிலைத்தன.

எமது நிலையில் இதை எண்ணிப் பார்ப்போம். கோயிலுக்குத் தூரத்திலிருந்து காரில் வரும் பிள்ளைகள் நாளை வேலை தேடி வேறு மாநிலத்துக்கோ வேறு நாட்டுக்கோ போவார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. திருவிழாவுக்குத் திரும்பி வருவார்களா என்று கேட்கிறோம். வந்தால், பார்வையாளராக வருவார்களா, அல்லது தேர்வடத்தைப் பிடிக்கும் உரிமையோடு வருவார்களா என்பதும் அதேயளவு முக்கியமான கேள்வி. நிக்கோடிமஸில் வரலாற்றுச் சங்கத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஊரை விட்டுப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. அவர்களிடம் பொறுப்பு இருந்தது. ஆகவே உறவும் இருந்தது.

வீட்டிலே கலந்து பேச

1. காணிச் சட்டம் நிலத்தை எளிதாகக் கொடுத்தது. நிலம் கிடைத்தபின் அம்மக்களுக்கு இல்லாதிருந்தவை எவை? குறைந்தது நான்கைக் கூறுக.

2. ஓசேஜ் மக்கள் செய்த உதவியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நீங்கள் வாழும் இடத்தில் முன்னர் வாழ்ந்த மக்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிடில் எங்கே கேட்டறியலாம்?

3. பனிக்காலமும் பசியும் இருந்தபோதும் பாடசாலையை ஏன் பிற்போடவில்லை?

4. புகையிரதம் வராதபோது கடைக்காரர் போனார்கள், விவசாயிகள் தங்கினார்கள். இருவரின் முடிவுக்கும் உரிய காரணங்களை எடுத்துக்கூறுக.

5. தம் நாட்டு விடுதலை நாளை விடுத்து, வேறு தீவுகளின் மக்கள் விடுதலை பெற்ற நாளை அவர்கள் கொண்டாடியதன் கருத்து யாது?

6. உங்கள் தாத்தா, பாட்டி, பெற்றோர் இந்நாட்டுக்கு வந்த முதல் ஆண்டில் யார் உதவினார்கள்? அவரின் பெயரையும் செய்த உதவியையும் தமிழில் ஐந்து வசனங்களில் எழுதி, தமிழ் வகுப்பில் வாசித்துக் காட்டுக.

ஆறாவது வினாவுக்கு விடை எழுதும்போது பெற்றோர் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகள் கேட்கட்டும், பெரியோர் பதில் சொல்லட்டும். பிழையிருந்தாலும் பிள்ளைகளின் சொந்த எழுத்திலேயே இருக்கட்டும். அத்தாள்களைக் கவனமாகச் சேர்த்து வையுங்கள்.